மலையோடைப் பிகோனியாவும் கிராமப் பதிவேடும்

ஓர் ஊருக்குப் புதிதாகச் சாலை வருகிறதென்றால் அவ்வூராருக்கு அதனினும் மகிழ்ச்சியான செய்தி வேறில்லை. நோயாளியைத் தூளியில் கட்டித் தூக்கிச் செல்லும் துன்பம் நீங்குகிறது. விளைபொருள் வாடுவதற்கு முன்னர்ச் சந்தையை அடைகிறது. பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர். ஆகவே சாலை வேண்டுமா, வேண்டாமா என்பது நாம் ஆராயவேண்டிய வினாவன்று. சாலைக்காக மண்ணை வெட்டும் இடத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறிந்திருந்தோமா என்பதே வினா.

இவ்வினாவை விளக்குவதற்கு, இம்மாதப் பாடத்தில் ஒரு செடியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். அச்செடி நம் நாட்டின் வடகிழக்கு எல்லைக்கு அப்பால், திபெத்தின் தென்பகுதியில் மலையோடைகளின் கரையில் வளர்வது. 2021-ஆம் ஆண்டிலேதான் அது உலகத் தாவர நூல்களில் பெயர் பெற்றது. பிகோனியா என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அக்குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் பல உண்டு என்பதனால், இது வேற்று நாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

பிகோனியா என்பது யாது?

நகரத்துப் பூங்காக்களிலும் வீட்டு வாயில்களில் வைக்கும் தொட்டிகளிலும் பிகோனியாவைப் பலர் கண்டிருப்பர். கண்ணைக் கவரும் வண்ணக் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட இலைகளுக்காகவும், மெழுகு போன்ற மென்மையான பூக்களுக்காகவும் அதனை வளர்க்கின்றனர். காட்டில் வளரும் பிகோனியாக்களே இவை அனைத்துக்கும் மூதாதைகள்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லசு பிளூமியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் மேற்கிந்தியத் தீவுகளில் தாவரங்களை ஆராய்ந்து வந்தார். அங்கே பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்து தாவர ஆராய்ச்சிக்கு ஆதரவளித்த மிஷேல் பெகோன் என்பவரின் நினைவாக இச்செடிக்குப் பிகோனியா என்று அவர் பெயரிட்டார். பிற்காலத்தில் லின்னேயசு அப்பெயரையே ஏற்றுக்கொண்டார். இன்று இப்பேரினத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் வெப்பப் பகுதிகளில் அவை பரவியுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் புதிய இனங்கள் இப்பட்டியலில் சேர்ந்தவண்ணம் உள்ளன.

பிகோனியாவை இனங்காண்பது கடினமன்று. நான்கு அடையாளங்களை மனத்திற்கொண்டால் போதும்.

முதலாவது, இலை. நடுநரம்பின் இருபுறமும் உள்ள பாதிகள் சமமாக இரா. ஒரு பாதி பெரிதாகவும் மற்றொரு பாதி சிறிதாகவும், ஒரு பக்கம் சாய்ந்த இதயம் போல் இலை காணப்படும்.

இரண்டாவது, தண்டு. அது நீர் நிறைந்து சாறுள்ளதாக இருக்கும். பல இனங்களின் தண்டையும் இலையையும் கசக்கினால் புளிப்பு மணம் வீசும். அச்சாற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலமே அதற்குக் காரணம். அதனால் காட்டுப் பிகோனியாவை ஆராயாமல் வாயிலிடுவது தகாது.

மூன்றாவது, பூ. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருக்கும். பூசணி, சுரை, பாகல் பயிரிடும் விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. பூசணியின் பெண் பூவுக்கு அடியில் சிறு பிஞ்சு தெரிவதுபோலவே பிகோனியாவின் பெண் பூவுக்கு அடியிலும் சூலகம் தெரியும். தாவர நூலார் பிகோனியாவையும் பூசணிக் குடும்பத்தையும் ஒரே வரிசையில் வைத்துள்ளனர். தோற்றத்தில் வெவ்வேறாயினும் இவை தூரத்து உறவினர்களே.

நான்காவது, காய். பெரும்பாலான இனங்களில் காய்க்கு மூன்று இறகுகள் இருக்கும். காய் உலர்ந்து வெடிக்கும்பொழுது தூசி போன்ற விதைகள் உதிரும்.

பிகோனியாவின் பெண் பூவில் வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் கிடைப்பது ஒன்றுமில்லை. மகரந்தம் ஆண் பூவில்தான் உண்டு. ஆயினும் பெண் பூவின் மஞ்சள் நிறச் சூலகமுடி முறுக்கிக்கொண்டு, பார்வைக்கு ஆண் பூவின் மகரந்தக் கேசரங்களைப்போலவே தோன்றுகிறது. ஏமாந்து வந்தமரும் தேனீ, தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே விட்டுச் செல்கிறது. இவ்வாறு கருவுறுதல் நிகழ்கிறது.

ஏன் இத்தனை இனங்கள்?

இரண்டாயிரம் இனங்கள் என்றதும், எங்கும் நிறைந்து கிடக்கும் செடி போலும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. பல இனங்கள் ஒரு மலையில் மட்டுமே உள்ளன. சில இனங்கள் ஓர் ஓடைக்கரையிலோ ஒரு பாறைச் சரிவிலோ மட்டுமே உள்ளன.

இதற்குக் காரணம் விதையும் நீரும். விதை தூசியளவே ஆதலால், முளைத்தவுடன் தன்னைத் தாங்கிக்கொள்வதற்கு வேண்டிய உணவு அதனுள் இல்லை. பாசி படர்ந்து எப்பொழுதும் ஈரம் கசியும் இடத்தில் விழுந்தாலன்றி அது பிழைப்பதில்லை. அத்தகைய இடம் ஓர் ஓடையின் ஓரத்தில் இருக்கும். அடுத்த ஓடை ஒரு மலைமுகட்டுக்கு அப்பால் இருக்கும். இடையிலே வறண்ட சரிவு. ஆகவே ஒரு பள்ளத்தாக்கில் வாழும் கூட்டமும் அடுத்த பள்ளத்தாக்கில் வாழும் கூட்டமும் ஒன்றோடொன்று கலவாமல் நெடுங்காலம் தனித்து வாழ்கின்றன. நாளடைவில் இரண்டும் வேறுபட்டு இரண்டு இனங்களாகின்றன.

இதிலிருந்து நாம் அறியவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு செடி ஓரிடத்தில் ஏராளமாக இருக்கிறது என்பதனால் அது உலகில் ஏராளமாக இருக்கிறது என்று கொள்ளுதல் தவறு. நம் ஊர் ஓடையில் நூறு செடிகள் இருக்கலாம். உலகிலுள்ள அத்தனையும் அந்த நூறாகவே இருத்தலும் கூடும்.

மெடோக்கில் கண்ட செடி

திபெத்தின் தென்கிழக்கில் மெடோக் என்னும் வட்டாரம் உள்ளது. திபெத்திலிருந்து வரும் யார்லுங் சாங்போ ஆறு இவ்வழியாகவே பாய்ந்து, அருணாசலப் பிரதேசத்தில் சியாங் என்னும் பெயருடன் நுழைந்து, பின்னர் அசாமில் பிரமபுத்திராவாகிறது. உயர்ந்த பனிமலைகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் மெடோக்கில் மழை மிகுதி. காடுகள் அடர்ந்தவை.

மலைகளும் நிலச்சரிவுகளும் தடுத்தமையால் மெடோக்குக்கு நெடுங்காலம் நிலையான சாலை இல்லாதிருந்தது. சீன நாட்டில் நெடுஞ்சாலை எட்டாத கடைசி வட்டாரம் என்று அது பெயர் பெற்றிருந்தது. பனி மூடிய கணவாயின்கீழ் சுரங்கம் குடைந்து, 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அங்கே சாலை திறக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஷாங்காய் நகரின் சென்ஷான் தாவரப் பூங்காவைச் சேர்ந்த டாக்டர் தியான் தைக்கேயும் அவருடைய குழுவினரும் காட்டுப் பிகோனியாக்களை ஆராய்ந்துகொண்டு அப்பகுதியில் வாகனத்தில் சென்றனர். பூத்துக் குலுங்கிய பெரிய பிகோனியா ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. பிகோனியா என்றால் முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்புயரம் என்பதே நாம் பூங்காக்களில் கண்டு பழகிய அளவு. இச்செடியோ ஆள் உயரத்தைக் கடந்து நின்றது. பூக்களையும் செடியின் அமைப்பையும் பார்த்தவுடனேயே இது புதிய இனம் என்று டாக்டர் தியான் உணர்ந்தார்.

அங்கே சில டசன் செடிகள் கொண்ட ஒரு சிறு கூட்டமே இருந்தது. அவற்றுள் மிக உயர்ந்த இரண்டினை மட்டும் மாதிரிக்காக எடுத்தனர். உயரத்தைச் சரியாக அளப்பதற்கு வாகன ஓட்டுநரை வண்டியின் கூரைமேல் ஏறி நிற்கச் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு செடியின் உயரம் 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு அடி. தண்டின் பருத்த பகுதி ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டிருந்தது. ஷாங்காய்க்குக் கொண்டு செல்வதற்காகச் செடியை நான்கு துண்டுகளாக வெட்ட நேர்ந்தது. உலர்த்தி ஒட்டிய பின்னர் அம்மாதிரி 3.1 மீட்டர் உயரமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டதாக அமைந்தது. அதனை வைப்பதற்கென்றே தனியாக ஒரு பேழை செய்யப்பட்டது.

2021-ஆம் ஆண்டில் இச்செடி பிகோனியா ஜைகான்டிகாலிசு என்னும் பெயருடன் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெருந்தண்டினை உடையது என்பது அப்பெயரின் பொருள். கடல் மட்டத்துக்கு மேல் 450 மீட்டர் முதல் 1,400 மீட்டர் வரையுள்ள சரிவுகளில், மர நிழலில், ஓடைகளை ஒட்டி இது வளர்கிறது.

புதிய இனம் என்று எவ்வாறு நிலைநாட்டுவது?

காட்டில் ஒருவர் கண்டு வியப்புற்றார் என்பதனால் மட்டும் ஒரு செடி புதிய இனமாகிவிடாது. நீதிமன்றத்தில் வழக்கை மெய்ப்பிப்பதுபோல் அதனை மெய்ப்பிக்க வேண்டும். அதன் படிகளைக் கிராமத்தார் அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில் முதற்படி பெரும்பாலும் உள்ளூர் மக்களிடமிருந்தே தொடங்குகிறது.

முதற்படி, மாதிரி எடுத்தல். இலை, தண்டு, ஆண் பூ, பெண் பூ, காய் ஆகிய அனைத்தும் இருக்குமாறு எடுத்து, செய்தித்தாள்களின் இடையே விரித்து, பாரம் வைத்து உலர்த்துகின்றனர். பிகோனியா சாறு மிக்கது ஆதலால் விரைவில் அழுகிவிடும். தாள்களை அடிக்கடி மாற்றவேண்டும். பூக்களில் சிலவற்றைச் சாராயத்தில் இட்டும் வைக்கின்றனர்.

இரண்டாம் படி, குறிப்பெழுதுதல். உலர்ந்த செடி நிறத்தையும் வடிவத்தையும் இழந்துவிடுகிறது. ஆகவே கண்ட இடம், நாள், உயரம், பூவின் நிறம், மண்ணின் தன்மை, அருகிலுள்ள பிற செடிகள், உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதிக்கொள்ள வேண்டும். குறிப்பில்லாத மாதிரி, முகவரி இல்லாத கடிதம்போல் பயனற்றதாகும்.

மூன்றாம் படி, ஒப்பிடுதல். இதுவே பெரும் உழைப்பு. ஹெர்பேரியம் எனப்படும் உலர் தாவரக் காப்பகங்களில் நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சேர்த்த மாதிரிகள் வைக்கப்பட்டுள்ளன. புதிதாகக் கண்டதை அவற்றோடும் பழைய நூல்களோடும் ஒவ்வோர் உறுப்பாக ஒப்பிடுகின்றனர். பிகோனியாவில் சூலகத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே எத்தனை அறைகள், விதைகள் எவ்வாறு ஒட்டியுள்ளன என்று பார்ப்பது முக்கியம். முன்பே ஒருவர் பெயரிட்ட செடியாயின் புதுப் பெயர் செல்லாது. பழைய பெயரே நிற்கும். இன்று மரபணுக்களை ஒப்பிட்டு உறவுமுறையைத் தீர்மானிக்கும் வழியும் உள்ளது.

நான்காம் படி, வருணனை. இலையின் நீள அகலம், மயிரின் தன்மை, இதழ்களின் எண்ணிக்கை, காயின் இறகுகள் என எதனையும் விடாமல், உவமையும் அலங்காரமும் இன்றி எழுதவேண்டும். நெருங்கிய இனங்களினின்றும் இது எவ்வாறு வேறுபடுகிறது என்று சுருங்கச் சொல்லவேண்டும். முன்னர் இவ்வருணனை இலத்தீன் மொழியில் இருத்தல் கட்டாயமாயிருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் பெயர் மட்டும் இன்றும் இலத்தீன் முறையிலேயே அமையவேண்டும்.

ஐந்தாம் படி, மூல மாதிரி வைத்தல். எந்த ஒரு மாதிரியைக் கொண்டு பெயர் இடப்பட்டதோ அதனைக் குறிப்பிட்ட ஒரு காப்பகத்தில் வைத்து, அச்செய்தியையும் வெளியிட வேண்டும. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் எவரும் அங்கே சென்று பார்க்கலாம். நிலத்துக்கு மூலப்பத்திரம் எவ்வாறோ, தாவரப் பெயருக்கு மூல மாதிரி அவ்வாறே.

இவ்வளவும் முடித்து, வெளியீட்டில் அச்சேறிய நாளில்தான் அச்செடி அறிவுலகில் பிறக்கிறது. அதற்குமுன் அது அழிந்திருந்தால், அழிந்தது இன்னதென்று சொல்லவும் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

சாலையோரத்தில் நிற்கும் செடி

மெடோக் செடியின் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. இச்செடி மெடோக் வட்டாரத்தில் பல இடங்களில் உள்ளது. ஆனால் சிறு சிறு கூட்டங்களாக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றிச் சிதறிக் கிடக்கிறது. அக்கூட்டங்களில் பல சாலையோரங்களில் உள்ளமையால் மனிதர் செயலால் எளிதிற் கெடக்கூடியவை. ஆகவே பெயர் சூட்டியவர்களே, இதனை அழியும் அபாயத்துக்குட்பட்ட தாவரம் என்றும் அறிவிக்க நேர்ந்தது. பெயர் பெற்ற அன்றே எச்சரிக்கையும் பெற்றுவிட்டது.

சாலை இருந்தமையாலன்றோ ஆராய்ச்சியாளர்கள் வாகனத்தில் சென்று அதனைக் கண்டனர்? அதே சாலையை நாளை அகலப்படுத்தினால், அல்லது சரிந்த மண்ணை ஓடைப் பக்கம் தள்ளினால், முதலில் மறைவது அச்செடிதான். காட்டிக் கொடுத்ததும் சாலை. கெடுக்கக் கூடியதும் சாலை. இதனைச் சாலையின் குற்றமென்று நாம் கூறவில்லை. மண் தள்ளுபவனுக்கு, அங்கே நிற்பது இன்னது என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நாம் கூறுவது. அவ்வாறு சொல்லக்கூடியவர் யார்? தலைநகரிலுள்ள விஞ்ஞானி அல்லர். நாள்தோறும் அவ்வழியே நடக்கும் உள்ளூர் மக்களே.

நம் மலைகளில்

தமிழ்நாட்டின் மேற்கு எல்லையிலுள்ள மலைகளிலும் பிகோனியாக்கள் உண்டு. மலபாரிகா என்னும் இனம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஈரமான காடுகளில் காணப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்த டச்சுக்காரரான வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில், புளி என முடியும் உள்ளூர்ப் பெயருடன் இச்செடி இடம் பெற்றது. அதன் சாற்றின் புளிப்பை நம் மக்கள் எப்பொழுதோ அறிந்து பெயரிலேயே பதித்து வைத்திருந்தனர். பழுப்பு நிறப் பஞ்சு போன்ற மயிர் போர்த்த புளோக்சிபெரா என்னும் இனம் தென்கோடி மலைகளின் ஈரப் பாறைகளில் வளர்கிறது. வெண்மையும் செம்மையும் கலந்த பூக்களுடைய ஆல்போ-காக்சினியா என்னும் இனமும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது.

இவை மட்டுமே என்று கணக்கை முடித்துவிட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மலைகளிலும் பல்வேறு குடும்பங்களைச் சேர்ந்த புதிய தாவரங்கள் இன்றும் கண்டறியப்பட்டு வருகின்றன. 1890-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவர மதிப்பாய்வகம் இப்பணியைச் செய்து வருகிறது. அதன் தென்மண்டல நிலையமும், நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடைய மதராஸ் ஹெர்பேரியமும் கோயம்புத்தூரில் உள்ளன.

இதனால் விவசாயிக்கு என்ன பயன்?

இக்கேள்வி நியாயமானது. நேர்மையாகவே விடை கூறுவோம். மெடோக்கின் பெருந்தண்டுப் பிகோனியாவால் இன்றுவரை விவசாயிக்கு நேரடியான பயன் ஒன்றும் இல்லை. ஆயினும் காட்டுச் செடியின் பயன் எப்பொழுது வெளிப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறோம்.

1850-களில் அசாமிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய ஆர்க்கிடு செடிகளோடு, ஒருவரும் கருதாத ஒரு பிகோனியாவும் ஒட்டிக்கொண்டு சென்றது. ரெக்சு என்று பெயர் பெற்ற அச்செடியை ஒட்டுக் கலந்து, இன்று உலகெங்கும் நாற்றுப் பண்ணைகளில் விற்பனையாகும் எண்ணற்ற வண்ண இலைப் பிகோனியாக்களை உண்டாக்கினர். செடி நம் நாட்டினுடையது. அதனால் வந்த வணிகம் வேறு நாட்டாருடையதாயிற்று.

இரண்டாவது, நெல். 1970-களில் ஆசிய நாடுகளின் நெற்பயிரைப் புல்குட்டை நச்சுயிரி நோய் தாக்கியது. பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தும், அந்நோயைத் தாங்கும் தன்மையை உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில்தான் கண்டனர். அதிலிருந்து பெற்ற குணத்தைப் பயிர் நெல்லில் புகுத்தி, ஐ.ஆர். 36 போன்ற வகைகளை உண்டாக்கினர். அவை கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தன. அக்காட்டு நெல் நின்ற இடத்தை, களையென்று கருதி எவரேனும் முன்னரே உழுதிருந்தால் என்னவாகியிருக்கும்?

வேறொரு பயனும் உண்டு. பாசியும் பிகோனியாவும் செழித்து வளரும் பாறைச் சரிவு, ஆண்டு முழுவதும் நீர் கசியும் இடம் என்பதற்கு அடையாளம். அக்கசிவே கீழே ஓடையாகி, கிணற்றுக்கும் வயலுக்கும் வருகிறது. மேலே செடி வாடி மறைகிறதென்றால், கீழே நீர் குறையப் போகிறது என்று ஐயுற இடமுண்டு.

பஞ்சாயத்தின் கடமை

2002-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தை இயற்றியது. 2023-இல் அது திருத்தப்பட்டது. அச்சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்படவேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் முக்கியமான பணியாகும். இச்சட்டத்தை நடத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே உள்ளது. வெளிநாட்டார் நம் நாட்டு உயிர்வளத்தை ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ பெறுவதாயின் அவ்வாணையத்தின் அனுமதி வேண்டும். ரெக்சு பிகோனியா சென்றதுபோல் இனி ஒன்று கேட்பாரின்றிச் செல்லக்கூடாது என்பதே இதன் கருத்து.

பதிவேடு அலமாரியில் வைப்பதற்கான புத்தகமன்று. சாலை, பாலம், தடுப்பணை முதலிய வேலைகளுக்குத் தீர்மானம் போடும்பொழுது மேசைமேல் இருக்கவேண்டிய புத்தகம். அதனைப் பயனுள்ளதாக்குவதற்குக் கீழ்க்கண்டவற்றைக் கூறுகிறோம்.

1. மழைக்காலத்திலும் மழை முடிந்த பின்னரும் ஊரின் ஓடைகள், ஊற்றுகள், பாறைச் சரிவுகள், கோயில் காடுகள் ஆகியவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். பூவும் காயும் அக்காலத்திலேதான் கிடைக்கும்.

2. ஆடு மாடு மேய்ப்பவர், விறகு பொறுக்கும் பெண்கள், நாட்டு வைத்தியர், மலைவாழ் மக்கள் ஆகியோரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். செடிகளின் பெயரையும் குணத்தையும் அறிந்தவர்கள் அவர்களே. அவர்கள் கூறும் பெயரை அவர்கள் ஒலிக்கும்படியே எழுதவேண்டும்.

3. ஒவ்வொரு செடிக்கும் உள்ளூர்ப் பெயர், இடம், நிலத்தின் தன்மை, பூக்கும் மாதம், ஏறத்தாழ எத்தனை செடிகள், யார் எதற்குப் பயன்படுத்துகின்றனர், அவ்விடத்துக்கு நேரக்கூடிய ஆபத்து ஆகிய ஏழு விவரங்களைப் பதியவேண்டும். இலையின் இருபுறம், பூ, காய் ஆகியவற்றைக் கைப்பேசியிற் படம் எடுத்துச் சேர்க்கலாம்.

4. பெயர் தெரியாத செடியைக் கண்டால் வேரோடு பிடுங்கலாகாது. காப்புக் காட்டிலுள்ள எதனையும் வனத்துறையின் அனுமதியின்றித் தொடலாகாது. படத்தையும் குறிப்பையும் அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்கோ, தாவர மதிப்பாய்வகத்துக்கோ அனுப்பினால், வேண்டிய மாதிரியை முறைப்படி அவர்கள் எடுத்துக்கொள்வர்.

5. மலைச்சாலை வேலைகளில் வெட்டிய மண்ணை ஓடையிற் கொட்டாமல் வேறிடத்தில் கொட்டுமாறு முன்னரே இடம் குறிக்கவேண்டும். ஈரப் பாறைச் சரிவை வெட்டுவதைத் தவிர்க்க முடியாவிடில், வெட்டுமுன் அங்குள்ளவற்றைப் பதிந்து, அறிந்தோருக்குத் தெரிவிக்கவேண்டும்.

6. ஓடைக் கரைகளில் களைக்கொல்லி தெளிப்பதைத் தவிர்த்தல் நலம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு குறிப்பேடும், சில நாள் நடையும், முதியோரிடம் கேட்கும் பொறுமையும் போதும்.

முடிவுரை

மெடோக்கின் பன்னிரண்டடிப் பிகோனியா ஒளிந்திருந்த செடியன்று. அவ்வோடையோரம் நடந்தவர் அனைவரும் அதனைக் கண்டிருக்கக்கூடும். ஆயினும் ஏட்டில் ஏறும்வரை, அதனைக் காப்பதற்குச் சட்டத்துக்கும் வழியில்லை, பொறியாளருக்கும் வழியில்லை. பெயர் தெரியாத ஒன்றை எவரும் காக்க முடியாது.

நம் ஓடைகளிலும் அத்தகைய செடி நிற்கலாம், நில்லாமலும் இருக்கலாம். அதனைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நம் கையில் உள்ளது. அடுத்த சாலைத் தீர்மானத்துக்கு முன்னர், நம் பதிவேட்டில் அந்த ஓடைக்கு ஒரு பக்கம் எழுதி முடித்திருப்போமாக.

கிராம சபையில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் பல்லுயிர்ப் பதிவேடு உள்ளதா? கடைசியாக அதில் எப்பொழுது எழுதப்பட்டது?

2. ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத இடங்கள் நம் எல்லைக்குள் எவை? அங்கே வளரும் செடிகளின் பெயர்களை அறிந்தவர் யார்?

3. முதியோருக்குத் தெரிந்து, இளைஞருக்குத் தெரியாத செடிப் பெயர்கள் எத்தனை?

4. இவ்வாண்டு எடுத்துக்கொண்டுள்ள வேலைகளில் ஓடையையோ ஊற்றையோ தொடுவன எவை? வெட்டிய மண்ணுக்கு இடம் குறித்துள்ளோமா?